தாயக விடுப்பு

ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில்
எனக்கொரு சலுகை இருக்கிறது:
வருஷத்துக்கு ஒருமுறை தாயக விடுப்பு,
போகவர விமானச் சீட்டுடன்.
மாங்குளத்தில், பாதி சுற்றும் மின்விசிறிக்குக் கீழே
படிவத்தைத் திறக்கிறேன்.
தாயகத்துக்கு மிகக் கிட்டிய விமான நிலையம்?

பலாலி என்று அடிக்கிறேன்.
சிவப்பில் ஒரு வரி வருகிறது:
பணியிடமும் தாயகமும் ஒரே நாட்டில் இருத்தல் ஆகாது.

சுகிர்தா எட்டிப் பார்க்கிறாள்.
"அப்ப எனக்கு உந்த லீவே இல்லையோ, அக்கா?"

அவளுக்கும் எனக்கும் ஒரே வேலை, நிலத்தடி நீர்.
ஒரே ஜீப், ஒரே புழுதி, ஒரே சோற்றுப் பார்சல்.
அவளுக்குச் சம்பளம் ரூபாயில்,
எனக்குப் பிராங்கில்.
நான் வெளிநாட்டாள்.
ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரியில் பிறந்த வெளிநாட்டாள்.

ஜூபாவில் என்னைச் சுவிஸ்காரி என்றார்கள்.
பேர்னில் மேல்மாடிக்காரி இருபது வருஷமாக
"உண்மையில் எந்த ஊர்?" என்கிறாள், லிப்டில்,
பதில் முடிவதற்குள் அவளுடைய மாடி வந்துவிடும்.
அம்மானில் ஒரு டாக்சிக்காரர்
இந்தியாவாக்கும் என்று ஹிந்திப் பாட்டுப் பாடிக் காட்டினார்.
நல்ல குரல். திருத்த மனம் வரவில்லை.
கிணறுகள் மட்டும் எங்கும் ஒரே பாஷை:
எத்தனை மீற்றர், எவ்வளவு உப்பு.

பதினேழு முகவரி மாறிவிட்டேன் என்று
ஒருநாள் சுகிர்தாவிடம் சொன்னேன்.
கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.
அவள் ஸ்டியரிங்கில் விரல் மடக்கினாள்.
அக்கராயன், தருமபுரம், விசுவமடு,
உடையார்கட்டில் இரண்டு இடம், தேவிபுரம்,
இரணைப்பாலை, மாத்தளன்,
பிறகு முகாமில் மூன்று கூடாரம்.
கை போதாமல் நிறுத்தினாள்.
"இதுக்கும் மைல்ஸ் சேருமோ அக்கா?"
றோட்டில் மாடு. கியரைக் குறைத்தாள்.

இன்றைக்கு ஒலுமடுவில் ஒரு கட்டுக்கிணறு.
தவமலர் வாளியும் கையுமாக நின்றா.
"பிள்ளை எவடம்?"
"ஒபீஸ் மாங்குளத்தில."
"அதில்லை. ஆற்ற பிள்ளை?"
அப்பாவின் பெயரைச் சொன்னேன்.
"நீர்ப்பாசனத்தில இருந்தவரோ?"
"இல்லை, தபால் கந்தோர்."
"அப்பத் தெரியாது" என்று
வாளியை இறக்கினா.

லீற்றருக்கு இரண்டு தசம் ஆறு மில்லிகிராம் புளோரைட்.
"இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல" என்றேன்.
சுகிர்தா என் தமிழைத் தமிழில் சொன்னாள்:
"குடிக்காதேங்கோ அக்கா. பல்லில காவி பிடிக்கும்,
எலும்புக்கும் கூடாது."

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது?"

பேர்னில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
பலகையின் நடுவே கோடு கீறி எழுதினார்கள்:
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே.
சோதனையில் எனக்கு முழுப் புள்ளி.
இங்கே ஒருவரும் நாம் என்பதில்லை.
உள்ளே எடுக்கவும் நாங்கள்,
வெளியே விடவும் நாங்கள்தான்.
குரலைக் கேட்டு நீயே பிரித்தெடுக்க வேண்டும்.
என் காது அவ்வளவு தூரம் பழகவில்லை.

தவமலரின் மகன் வந்து மீற்றரைப் பார்த்துச் சிரித்தான்.
முன்பற்களில் தேயிலைச் சாயக் கோடுகள்.
எனக்கும் இருந்தன.
இருபத்தாறு வயதில், பேர்னில், பல்வைத்தியர்
வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்து
"எட்டு வயதுக்கு முன் எந்தக் கிணறு?" என்று கேட்டார்.
அந்த ஒருவர்தான் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்.
கேட்டுவிட்டு வெள்ளை பூசி மூடினார்.
முதல் வேலையின் அடையாள அட்டைக்கு
அடுத்த நாள் படம் எடுக்க இருந்தது.

நாக்கால் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பு.

போத்தலில் மாதிரி எண் முப்பத்தொன்று, ஒலுமடு.
எடுத்தவர் பெயருக்கு ஒரு கோடு, எழுதினேன்.
சுகிர்தா ஜீப்பில் ஹோர்ன் அடிக்கிறாள்.
தவமலர் வாளியைக் கவிழ்க்கவுமில்லை, உள்ளே கொண்டுபோகவுமில்லை.

"வேற கிணறு பாப்பம் நாங்கள்" என்றேன்.
வாய்க்கு அதுதான் வந்தது.
அவ என்னை நிமிர்ந்து பார்த்தா,
எந்த நாங்கள் என்று.